ஞாயிறு டிக்கெட்டை விற்காதீர்கள்: பெண்கள் கல்லூரி ஐஸ் ஹாக்கி இறுதிச்சுற்றுக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

2025 மார்ச் 21, வெள்ளிக்கிழமை. மினியாபொலிஸ் நகரின் ரிடர் அரங்கில் நடந்த அரையிறுதியில் மினசோட்டா அணி விஸ்கான்சினிடம் தோற்றது. சொந்த ஊர், சொந்த அரங்கு, சொந்த ரசிகர் கூட்டம், எல்லாம் இருந்தும் தோல்வி. நான் அரக்குச் சிவப்புத் தொப்பியைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு வீடு திரும்பினேன். அன்றிரவே, ஞாயிறு இறுதியாட்டத்துக்கு வைத்திருந்த டிக்கெட்டைப் பாதி விலைக்கு விற்றுவிட்டேன். நம் பிள்ளைகள் இல்லாத ஆட்டத்தில் நமக்கென்ன வேலை என்று நினைப்பு.

ஞாயிறன்று கைபேசித் திரையில் பார்த்தேன். ஓஹையோ ஸ்டேட் 3, விஸ்கான்சின் 2. ஆட்டம் முடிய இன்னும் 18.9 விநாடிதான். அந்த நிலையில் விஸ்கான்சினுக்கு, கோல்கீப்பரை மட்டும் எதிர்த்து ஒருவர் அடிக்கும் பெனால்டி ஷாட் ஒன்று கிடைத்தது. கிர்ஸ்டன் சிம்ஸ் தனியாகப் போய் கோல் அடித்தார். கூடுதல் நேரம் தொடங்கிச் சற்று நேரத்தில் மறுபடியும் அவரே அடித்தார். 4–3, கோப்பை விஸ்கான்சினுக்கு. என் வீட்டிலிருந்து அந்த அரங்கு ரயிலில் சில நிறுத்தங்கள்தான்.

அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. இந்த வழிகாட்டி அதிலிருந்து பிறந்தது. முதல்முறை போகிறீர்கள் என்றால், ஓர் அணிக்காகப் போகாதீர்கள். மூன்று நாளுக்காகப் போங்கள். கீழே சொல்வதெல்லாம் அதற்கான ஏற்பாடுகள்தான்.

எதற்குப் போகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஹாக்கி என்றால் நம் ஊரில் புல்தரையும் கோவில்பட்டியும்தான் நினைவுக்கு வரும். இது பனித்தளத்தில் சறுக்குக் காலணியோடு ஆடுவது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பு, பெண்களுக்கான ஐஸ் ஹாக்கி சாம்பியன்ஷிப்பை 2001இல் தொடங்கியது. கடைசி நான்கு அணிகள் ஒரே ஊரில் கூடும் வார இறுதிக்கு ‘ஃப்ரோஸன் ஃபோர்’ என்று பெயர். கூடைப்பந்தின் ‘ஃபைனல் ஃபோர்’ பெயரைப் பனியில் உறைய வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை இரண்டு அரையிறுதிகள், சனி ஓய்வு, ஞாயிறு இறுதியாட்டம். மூன்றாம் இடத்துக்கென்று தனி ஆட்டம் கிடையாது.

2025 வரை 24 கோப்பைகள் வழங்கப்பட்டிருக்கின்றன. 2020இல் கொரோனாவால் போட்டி நடக்கவில்லை. அத்தனை கோப்பைகளையும் ஐந்தே கல்லூரிகள் பங்கிட்டுக்கொண்டன: விஸ்கான்சின் 8, மினசோட்டா 6, மினசோட்டா டுலூத் 5, கிளார்க்சன் 3, ஓஹையோ ஸ்டேட் 2. கிளார்க்சன் நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில் உள்ள சின்னக் கல்லூரி. மற்ற நான்கும் அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதி. கிளார்க்சன் 2014இல் வென்றபோதுதான் கோப்பை முதன்முறையாக அந்தப் பகுதியைத் தாண்டியது. பக்கத்து இருக்கைக்காரர் பெருமூச்சோடு “மறுபடியும் இவர்களேவா” என்றால், அதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

டிக்கெட்: அணிகள் தெரிவதற்கு முன்பே

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். மொத்தம் 11 அணிகள் தேர்வாகின்றன. 2022க்கு முன் எட்டுதான். முதல் சுற்றும் காலிறுதியும் தர வரிசையில் உயர்ந்த அணிகளின் சொந்த அரங்குகளில் நடக்கும். காலிறுதி முடிந்தால்தான் எந்த நான்கு அணிகள் வருகின்றன என்று தெரியும். 2025இல் காலிறுதி மார்ச் 15, அரையிறுதி மார்ச் 21. இடையில் ஆறு நாள். அதற்குள் டிக்கெட், விமானம், ஹோட்டல் மூன்றையும் பிடிக்க முயன்றால் பர்ஸ் தாங்காது. வென்ற நான்கு கல்லூரிகளின் பெற்றோரும் ரசிகர்களும் அதே ஆறு நாளில்தான் தேடுவார்கள்.

ஆகவே அணியைப் பற்றிக் கவலைப்படாமல், விற்பனை தொடங்கியதுமே மூன்று ஆட்டங்களுக்கும் சேர்த்த டிக்கெட்டை எடுத்துவிடுங்கள். என்சிஏஏ தளத்திலோ நடத்தும் அரங்கின் தளத்திலோ வாங்குவது பாதுகாப்பு. ஹோட்டலையும் அப்போதே எடுங்கள், ஆனால் கடைசி நேரத்தில் ரத்து செய்யக்கூடிய கட்டணத்தில்.

முன்கூட்டி எடுக்கத் தவறினால் இன்னொரு வழி உண்டு. வெள்ளி இரவு தோற்ற இரண்டு அணிகளின் ரசிகர்களில் பலர் என்னைப் போலவே ஞாயிறு டிக்கெட்டை விற்பார்கள். மறுவிற்பனைத் தளங்களை அன்றிரவு பாருங்கள். என்னைப் போன்றவர்களின் முட்டாள்தனத்தில் யாராவது பயனடையட்டும்.

ஊர் எது என்பதைப் பொறுத்து பயணம்

இடம் ஆண்டுதோறும் மாறும். சில ஆண்டுகளுக்கு முன்பே அறிவித்துவிடுவார்கள். 2023இல் டுலூத்தின் ஆம்சாயில் அரங்கு, 2024இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் டர்ஹமின் விட்டிமோர் சென்டர், 2025இல் மினியாபொலிஸ். எல்லா ஊருக்கும் ஒரே பயணத் திட்டம் சரிவராது.

மினியாபொலிஸ் புதியவருக்கு எளிது. விமான நிலையத்திலிருந்து நீலத்தட ரயில் நகர மையத்துக்கு வரும். அங்கே பச்சைத்தடத்துக்கு மாறி ஸ்டேடியம் வில்லேஜ் நிறுத்தத்தில் இறங்கினால் ரிடர் அரங்குக்கு நடந்தே போய்விடலாம். டர்ஹமும் அப்படித்தான்: பாஸ்டன் நார்த் ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் டவுன்ஈஸ்டர் ரயில் பல்கலைக்கழக வளாகத்திலேயே நிற்கும், அரங்கு அருகில். டுலூத்துக்கோ பென்சில்வேனியாவின் ஸ்டேட் காலேஜுக்கோ போவதானால் கார் எடுப்பதே உசிதம். 2022 போட்டி நடந்த பெகுலா அரங்கு ஸ்டேட் காலேஜில்தான் இருக்கிறது. பிட்ஸ்பர்க், பிலடெல்பியா இரண்டுக்கும் இடைப்பட்ட மலைப்பாங்கான பகுதி, இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாத பயணம். மார்ச் மாதத்தில் அந்தச் சாலையில் பனி கொட்டலாம். பெரிய ஊரில் வியாழன் இரவு தங்கி வெள்ளி காலை கிளம்பலாம் என்று திட்டமிடாதீர்கள். வியாழனே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

கடிகாரத்திலும் ஒரு வம்பு உண்டு. தொலைக்காட்சி அறிவிப்புகளில் வரும் நேரம் பெரும்பாலும் கிழக்குக் கரை நேரம். மினியாபொலிஸ் அதற்கு ஒரு மணி நேரம் பின்னால் இருக்கிறது.  அறிவிப்பில் வரும் நேரத்தை உள்ளூர் நேரம் என்று நினைத்துப் போனால் ஒரு மணி நேரம் தாமதம், முதல் பகுதி ஆட்டமே போய்விடும். டிக்கெட்டில் உள்ள உள்ளூர் நேரத்தை மட்டும் நம்புங்கள்.

எதை உடுத்துவது, எதை எடுத்துப்போவது

அரங்குக்குள் மணிக்கணக்கில் பனித்தளத்தின் அருகில் உட்காரப் போகிறீர்கள். வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே குளிரும். நான் செய்வது இதுதான்: உள்ளே ஒரு கம்பளி, மேலே அணியின் நிறத்தில் ஒரு சட்டை, அதன்மேல் கழற்றக்கூடிய ஜாக்கெட். தடிமனான சாக்ஸ் மறக்கவே கூடாது. கால்தான் முதலில் விறைக்கும். கால் விறைத்தால் ஆட்டத்தில் மனம் நிற்காது.

கைப்பை விஷயத்தில் கண்டிப்பு அதிகம். பல அரங்குகளில் உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பைக்கு மட்டுமே அனுமதி. வெளியிலிருந்து கொண்டுவரும் சாப்பாட்டுக்கும் பொதுவாக இடமில்லை. புளியோதரைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போய் வாசலில் பறிகொடுத்தவர் எங்கள் குடும்பத்திலேயே ஒருவர் உண்டு. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு உள்ளே பாப்கார்ன், பிரெட்சல், அதிர்ஷ்டம் இருந்தால் சீஸ் ஊற்றிய நாச்சோஸ். வெள்ளிக்கிழமை ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் என்பதால் போவதற்கு முன்பே வயிறாரச் சாப்பிட்டுவிடுங்கள். ரிடர் அரங்கென்றால் வாஷிங்டன் அவென்யூவில் மாணவர்களுக்கான சின்னச் சின்ன உணவகங்கள் வரிசையாக இருக்கின்றன.

இருக்கை: கண்ணாடிக்கு அருகிலா, மேலேயா?

பெண்கள் கல்லூரி ஹாக்கியின் பெரிய இன்பம் அரங்கின் சிறுமை. ரிடர் அரங்கில் சுமார் 3,400 பேர்தான் உட்காரலாம். 2002இல் திறக்கப்பட்ட இது, அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் ஹாக்கிக்கென்றே கட்டப்பட்ட முதல் அரங்கு. எங்கே உட்கார்ந்தாலும் சறுக்குக் காலணி பனியைக் கீறும் சத்தம் கேட்கும்.

எல்லோரும் கண்ணாடித் தடுப்பை ஒட்டிய முதல் வரிசையைக் கேட்பார்கள். முதன்முறை அது வேண்டாம். பலகை அதிர்வதும் முகக்கவசத்துக்குள் வீராங்கனையின் கண் தெரிவதும் அருமைதான். ஆனால் மறுமுனையில் என்ன நடக்கிறது என்று ஒன்றும் புரியாது. பத்துப் பதினைந்து வரிசை மேலே, நடுக்கோட்டுக்குச் சற்றுப் பக்கத்தில் உட்காருங்கள். ஐந்து பேரும் சேர்ந்து நகரும் வடிவம் அங்கிருந்துதான் தெரியும்.

ஒரே அணியை ஆதரிக்கிறீர்களா? ஒவ்வொரு பகுதியிலும் அணிகள் பக்கம் மாறும். மூன்று பகுதிகளில் முதலிலும் கடைசியிலும் உங்கள் அணி தாக்கப்போகும் முனை எது என்று பார்த்து எடுத்தால், இரண்டு பகுதி நேரம் கோல் உங்கள் கண் முன்னால் விழும்.

கோல்களுக்குப் பின்னால் மேலே வலை கட்டியிருப்பார்கள். பக்கவாட்டில் கண்ணாடிக்கு மேலே வலை இருக்காது. பக் என்பது 170 கிராம் அளவு எடையுள்ள இறுகிய ரப்பர் வட்டு. துள்ளாமல் இருக்க ஆட்டத்துக்கு முன் உறைய வைக்கிறார்கள். அது கூட்டத்துக்குள் பறந்து வருவதுண்டு. குழந்தையோடு போகிறவர்கள் வலைக்குப் பின்னால் உட்காருங்கள். மற்றவர்கள், ஆட்டம் ஓடும்போது கைபேசியைக் குனிந்து பார்க்காதீர்கள்.

ஆட்டத்தைப் பின்தொடர இவ்வளவு போதும்

ஓர் அணிக்கு ஐந்து பேர், கூடவே ஒரு கோல்கீப்பர். 20 நிமிடம் வீதம் மூன்று பகுதிகள். வீராங்கனைகள் ஏறக்குறைய முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சுவர்மேல் ஏறிக் குதித்து மாறிக்கொள்வார்கள். முதல் பத்து நிமிடம் பக் கண்ணுக்கே தெரியாது. கவலைப்படாதீர்கள், பக்கைத் தேடாமல் வீராங்கனைகளின் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள், பக் அங்கேதான்.

இரண்டு நீலக்கோடுகள் உண்டு. எதிரணியின் நீலக்கோட்டைப் பக் தாண்டுவதற்கு முன் தாக்கும் அணியில் யாரும் தாண்டக்கூடாது, தாண்டினால் ஆஃப்சைடு. நடுக்கோட்டுக்குப் பின்னாலிருந்து எதிரணியின் கோல்கோடு தாண்டிப் பக்கைத் தள்ளிவிட்டால் ஐசிங். விசில் ஊதினால் பாதி நேரம் இந்த இரண்டில் ஒன்றுதான்.

தவறு செய்தால் இரண்டு நிமிடம் பெனால்டி பெட்டியில் உட்கார வேண்டும். அந்த நேரத்தில் எதிரணிக்கு ஓர் ஆள் கூடுதல். அதற்குப் பவர் பிளே என்று பெயர். கிரிக்கெட் பவர் பிளே போல முதலிலேயே வகுத்து வைத்ததல்ல. எதிராளி தவறு செய்தால்தான் கிடைக்கும். ஆடவர் ஹாக்கியைப் போல உடலால் மோதி வீழ்த்த இங்கே அனுமதி இல்லை. பக்குக்கான போட்டியில் வரும் உரசலுக்கு மட்டும் உண்டு. அந்த எல்லை எங்கே முடிகிறது என்பதில் நடுவருக்கும் கூட்டத்துக்கும் ஒருபோதும் கருத்து ஒன்றாக இருந்ததில்லை.

இரண்டாம் பகுதியை விழிப்போடு பாருங்கள். பக்கம் மாறுவதால் தடுப்பு ஆட்டம் ஆடும் முனை அந்தந்த அணியின் பெஞ்சிலிருந்து தூரமாகிவிடும். களைத்துப்போனவர்கள் மாறுவதற்குத் தூரம் அதிகம். சிக்கிக்கொண்டால் மூச்சு வாங்கிக்கொண்டே நின்று ஆட வேண்டும். நல்ல பயிற்சியாளர்கள் அந்தச் சமயம் பார்த்து அழுத்துவார்கள்.

கடைசி இரண்டு நிமிடத்தில் பின்தங்கிய அணி கோல்கீப்பரையே வெளியே இழுத்துக்கொண்டு ஆறாவது ஆட்டக்காரரை இறக்கும். வலை காலி! புதியவர்கள் இதைப் பார்த்து ஏதோ தவறு நடந்துவிட்டதாக நினைப்பார்கள். அந்த நேரத்தில் எழுந்து கார் எடுக்கப் போகிறவரை நான் மதிக்க மாட்டேன். 2025 இறுதியாட்டத்தில் நடந்தது அப்போதுதான். கோல்கீப்பர் முன்னாலுள்ள நீல அரைவட்டத்துக்குள் கோல்கீப்பரைத் தவிர வேறு யாரும் பக்கைக் கையால் மூடக்கூடாது. மூடினால் பெனால்டி ஷாட். ஓஹையோ ஸ்டேட் அப்படி மூடியதாக விஸ்கான்சின் முறையிட, நடுவர்கள் காணொளியைப் பார்த்து அதைக் கொடுத்தார்கள். அரங்கில் இருந்தவர்கள் அந்தச் சில நிமிடம் மூச்சுவிடவே இல்லை என்று கேள்வி. நான் இல்லை.

விஸ்கான்சின் ஆடினால் பெஞ்சுக்குப் பின்னால் அமைதியாக நிற்கும் மனிதரைக் கவனியுங்கள். மார்க் ஜான்சன், 2002இல் இந்த அணிக்குப் பொறுப்பேற்றவர். 1980 ஒலிம்பிக்கில் சோவியத் அணியை அமெரிக்கக் கல்லூரி இளைஞர்கள் வீழ்த்திய அந்த ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தவர் அவர்தான்.

கூட்டத்தோடு கூட்டமாக

கல்லூரி ஆட்டத்தின் உயிர், மாணவர்களின் பித்தளை வாத்தியக் குழு. கோல் விழுந்ததும் கல்லூரிப் பாட்டை வாசிப்பார்கள், எல்லோரும் எழுந்து கைதட்டுவார்கள். பிறகு எதிரணி கோல்கீப்பரை நோக்கி ஒரே குரலில் ‘சீவ், சீவ்’ என்று கத்துவார்கள். சல்லடை என்று பொருள். முதல்முறை கேட்டபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஓட்டை விழுந்த பாத்திரத்தைக் காட்டித் திட்டும் பாட்டிமார் வழக்கம் இவர்களுக்கும் இருக்கிறது போலும். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எதிரே நிற்பது கல்லூரிப் பெண். அவருடைய அம்மா உங்களுக்கு நான்கு வரிசை தள்ளி உட்கார்ந்திருக்கக்கூடும்.

பக் ஓடும்போது நடமாடாதீர்கள். படிக்கட்டு முனையில் அரங்க ஊழியர் கையை நீட்டி நிறுத்துவார். விசில் ஊதியதும் விடுவார். கழிவறைக்கும் காப்பிக்கும் இடைவேளையில் போங்கள். ஆனால் இடைவேளை தொடங்கியதும் ஓடினால் நீண்ட வரிசை. பனியைச் செப்பனிடும் சாம்போனி வண்டி சுற்றுவதை இருந்து பாருங்கள். குழந்தைகளுக்கு ஆட்டத்தைவிட அது பிடிக்கும். அது முடியும் தறுவாயில் வரிசை குறைந்திருக்கும்.

நடுநிலையாகப் போகிறவர் ஏதாவது ஓர் அணியை வெள்ளிக்கிழமையே இரவல் வாங்கிக்கொள்வது நல்லது. நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்: 2025இல் இறுதிக்கு வந்த இரண்டு கல்லூரிகளின் நிறமும் சிவப்பு. தளத்தில் ஓர் அணி வெள்ளைச் சட்டை போட்டிருக்கும், ஆனால் கூட்டத்தில் எல்லாம் சிவப்புமயம். தவறான பக்கத்தில் உட்கார்ந்து தவறான கோலுக்குக் குதித்தால் கொஞ்ச நேரம் சங்கடம்தான்.

சனிக்கிழமை

பலர் இந்த நாளை வீணென்று நினைத்து ஊர் திரும்பிவிடுகிறார்கள். அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி வீராங்கனைக்கான பாட்டி காஸ்மையர் விருதை அறிவிப்பது சனிக்கிழமைதான். பிரின்ஸ்டனில் ஆடிய காஸ்மையர் 1990இல், 28 வயதில், அரிய ரத்த நோயால் இறந்தார். விருது 1998 முதல் வழங்கப்படுகிறது. 2025இல் அதைப் பெற்ற விஸ்கான்சினின் கேசி ஓப்ரையன் மறுநாள் கோப்பையையும் தூக்கினார்.

மற்ற நேரத்தில் ஊரைப் பாருங்கள். மினியாபொலிஸ் என்றால் வளாகத்திலேயே, மிசிசிப்பி ஆற்றின் கரைமேட்டில், ஃபிராங்க் கெரி வடிவமைத்த வைஸ்மன் கலைக்கூடம் இருக்கிறது. தகரத்தைக் கசக்கி வைத்தது போன்ற கட்டடம், நுழைவுக் கட்டணம் இல்லை. நீலத்தட ரயிலில் மினஹாஹா அருவிக்கும் போய்வரலாம். வெள்ளி தோற்ற அணியின் சட்டையோடு நடக்கிறவர்களை வழியெங்கும் பார்ப்பீர்கள். அவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். நாளைக்கு யாரை ஆதரிக்கப் போகிறார்கள் என்று கேட்டால் ஒரு நீண்ட பகைக்கதை கிடைக்கும்.

திரும்பும் விமானம்

ஞாயிறு இரவு விமானத்தை எடுக்காதீர்கள். இந்தப் போட்டியில் ஆட்டம் சமநிலையில் முடியாது. 20 நிமிடம் வீதம் கூடுதல் நேரம், யாராவது ஒரு கோல் அடிக்கும்வரை. 2007 காலிறுதியில் விஸ்கான்சினும் ஹார்வர்டும் கோலே இல்லாமல் நான்காவது கூடுதல் நேரம் வரை ஆடின. 1–0 என்று விஸ்கான்சின் வென்றபோது இரண்டு முழு ஆட்டங்களுக்கும் மேலான நேரம் கடந்திருந்தது. 2018 இறுதியும் 2021 இறுதியும் கூடுதல் நேரத்தில்தான் முடிந்தன. ஆட்டம் முடிந்த பிறகு கோப்பை கைமாறும், வென்றவர்கள் தொப்பி மாட்டிக்கொண்டு பனியில் படம் எடுப்பார்கள், தோற்றவர்கள் கோட்டோரம் நின்று பார்ப்பார்கள். அதற்கும் அரைமணி நேரம் வேண்டும். திங்கள் காலை, எட்டு மணிக்கு மேல் கிளம்பும் விமானமாக எடுத்துவிடுங்கள். தொண்டை கட்டியிருக்கும், அலுவலகத்துக்கு மின்னஞ்சலிலேயே விடுப்புச் சொல்லிவிடலாம்.